காட்பாடி எம்எல்ஏவின் ஐம்பது ஆண்டுக் கணக்கு: தேர்தல் பதிவுச் சேவைகள் எவ்வளவு உதவும்?

ஒரு எம்எல்ஏ எத்தனை முறை நின்றார், எவ்வளவு ஓட்டு வாங்கினார், என்ன சொத்துக் காட்டினார், துறையில் என்ன வேலை நடந்தது என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை, வேட்பாளர் தன் சொத்து, வழக்கு பற்றிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் (அஃபிடவிட்) உள்ள தளம், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெளியிடும் பூத் வாரி ஓட்டுக் கணக்கான படிவம் 20, சட்டமன்றப் பேரவைப் பதிவுகள், துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள் எல்லாம் அரசு தருபவை. பிரமாணப் பத்திரங்களை அட்டவணையாக்கும் மைநேதாவும் தேர்தல் முடிவுகளைத் தொகுக்கும் லோக் தாபாவும் வெளியார் தருபவை. எதற்கும் காசு கிடையாது.

ஒரே ஒரு முறை ஜெயித்தவரின் பெயரைப் போட்டால் எல்லாத் தளமும் ஒழுங்காகத்தான் பதில் சொல்லும். நீண்ட காலம் பதவியில் இருந்தவரைத் தேடும்போதுதான் சேவையின் பலமும் பலவீனமும் தெரியவரும். நடுவில் தொகுதி மாறியிருக்கும், தொகுதியின் எல்லை மாறியிருக்கும், மாவட்டம் உடைந்திருக்கும், துறை இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால் இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பெயர் திமுகவின் துரைமுருகன். 1938-ல் பிறந்தவர், சொந்த ஊர் காங்கேயநல்லூர். 1971 முதல் 2021 வரை 10 முறை சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இதைவிடக் கடினமான சோதனை இந்தத் தளங்களுக்கு வைக்க முடியாது.

புள்ளிவிவர அறிக்கை: இங்கேதான் தொடங்க வேண்டும்

ஆணையத்தின் தளத்தில் 1951-52 தொடங்கி ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஒரு பிடிஎஃப் இருக்கிறது. 1967 வரை ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் தேட வேண்டும், 1971 முதல் ‘தமிழ்நாடு’. எல்லாமே ஆங்கிலத்தில். உள்ளே மூன்று பகுதிகளைப் பார்த்தால் போதும். முதலாவது வெற்றி பெற்றவர்கள் பட்டியல். அடுத்தது தொகுதி விவரச் சுருக்கம். எத்தனை பேர் மனு போட்டார்கள், எத்தனை தள்ளுபடி, எத்தனை பேர் டெபாசிட் இழந்தார்கள், செல்லாத ஓட்டு எவ்வளவு, வாக்குச்சாவடிகள் எத்தனை என்று ஒரே பக்கத்தில் வந்துவிடும். மூன்றாவது வேட்பாளர் வாரியான விரிவான முடிவு.

தொகுதி எண்ணை வைத்துத் தேடாதீர்கள். காட்பாடிக்கு 40, ராணிப்பேட்டைக்கு 41 என்பது 2008-ல் தொகுதி எல்லைகளை மறுவரையறை செய்த பிறகு, 2011 தேர்தலில் இருந்து வந்த எண். பழைய அறிக்கைகளில் அது வேறு தொகுதியைக் காட்டும். வேட்பாளர் பெயரை முழுதாகப் போட்டுத் தேடுவதும் தவறு. ‘துரை’யும் ‘முருக’னும் ஓர் ஆண்டில் சேர்ந்திருக்கும், இன்னோர் ஆண்டில் பிரிந்திருக்கும், முதலெழுத்து முன்னாலும் வரும் பின்னாலும் வரும். தொகுதிப் பெயரைத் தேடி அந்தப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து கண்ணால் பார்ப்பதுதான் பிழையில்லாத வழி.

அப்படிப் போனாலும் 1977 பக்கத்தில் காட்பாடியில் அவர் பெயர் இருக்காது. 1980 பக்கத்திலும் இருக்காது. பலரும் இங்கேதான் தோற்றுவிட்டார் என்று முடிவு கட்டி மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு தேர்தலிலும் அவர் ஜெயித்தது ராணிப்பேட்டையில். 1971-ல் காட்பாடி, 1977-லும் 1980-லும் ராணிப்பேட்டை, 1989-ல் மறுபடி காட்பாடி, அதன் பிறகு 1996, 2001, 2006, 2011, 2016, 2021 என்று ஆறும் காட்பாடி. 1984 தேர்தலில் அமைந்த 8ஆவது பேரவையிலும் 1991-ல் அமைந்த 10ஆவது பேரவையிலும் அவர் உறுப்பினர் இல்லை.

‘10 முறை எம்எல்ஏ’ என்றதும் பத்தை ஐந்தால் பெருக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒத்துவராது. 5ஆவது பேரவை 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது, அடுத்த தேர்தல் 1977 ஜூனில்தான். 6ஆவது பேரவை 1980 பிப்ரவரியோடு முடிந்தது, மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1989-ல் வந்த 9ஆவது பேரவைக்கு ஆயுள் இரண்டே ஆண்டு, 1991 ஜனவரி 30-ல் கலைப்பு. 1996-க்குப் பிறகுதான் இடைவெளி இல்லாத தொடர்ச்சி. எத்தனை முறை ஜெயித்தார் என்பதைப் புள்ளிவிவர அறிக்கை சொல்லும், எத்தனை ஆண்டு உறுப்பினராக இருந்தார் என்பதைச் சொல்லாது. அதற்குப் பேரவைச் செயலகத்தின் பதிவில் ஒவ்வொரு பேரவையும் தொடங்கிய நாள், கலைந்த நாள் பார்த்துக் கழிக்க வேண்டும்.

எல்லை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1971 தேர்தல் நடந்தது 1961 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்த எல்லையில். 1977 முதல் 2006 வரை ஓர் எல்லை, 2011 முதல் வேறோர் எல்லை. பெயர் காட்பாடிதான், ஊர்கள் ஒன்றல்ல. கே.வி.குப்பம் என்ற தனித் தொகுதியே 2008-க்குப் பிறகு வந்தது. 2006 ஓட்டையும் 2011 ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘செல்வாக்கு குறைந்தது, கூடியது’ என்று எழுதுவது அடிப்படையிலேயே தப்பு. அறிக்கை இதைப் பற்றி எங்கும் எச்சரிக்காது. மறுவரையறை ஆணையைத் தனியாகத் திறந்து கிராமப் பட்டியலைப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

2011, 2016, 2021: ஒரே எல்லை, மூன்று தேர்தல்

ஒப்பிட ஏற்ற காலம் இதுதான். எண்களை அப்படியே வைக்கலாம். 2011-ல் துரைமுருகன் 75,064, அதிமுகவின் அப்பு 72,091, வித்தியாசம் 2,973. 2016-ல் துரைமுருகன் 90,534, அதே அப்பு 66,588, வித்தியாசம் 23,946. 2021-ல் துரைமுருகன் 85,140, அதிமுகவின் ராமு 84,394, வித்தியாசம் 746.

செய்திகளில் அடிபடுவது வித்தியாசம் மட்டும்தான். ஐந்தே ஆண்டில் 23,946 என்பது 746 ஆனது என்றால் ஆள் சரிந்துவிட்டார் என்று தோன்றும். ஓட்டைப் பிரித்துப் பாருங்கள். அவருடைய சொந்த ஓட்டு குறைந்தது 5,394. எதிராளியின் ஓட்டு கூடியது 17,806. இரண்டையும் கூட்டினால் 23,200, வித்தியாசத்தில் காணாமல் போன அளவு சரியாக அதுவே. சரிவில் பெரும்பங்கு எதிர்ப்பக்கம் சேர்ந்ததால் வந்தது, இவர் பக்கம் கரைந்ததால் வந்தது அதில் கால்வாசிக்கும் குறைவு.

எதிர்ப்பக்கம் ஏன் சேர்ந்தது என்பதற்கான முதல் துப்பும் அதே பிடிஎஃப்பில் இருக்கிறது. வடமாவட்டத் தொகுதிகளில் பாமக எந்தப் பக்கம் நின்றது என்று பார்க்காமல் எந்த முடிவையும் படிக்கக் கூடாது. 2011-ல் பாமக திமுக கூட்டணியில், 2016-ல் தனியாக, 2021-ல் அதிமுக கூட்டணியில். தேமுதிக 2011-ல் அதிமுகவோடு இருந்தது, 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோடு போனது. ஆக மூன்று தேர்தலிலும் ‘அதிமுக ஓட்டு’ என்று எழுதியிருப்பது மூன்று வேறு வேறு கூட்டு. அறிக்கையில் கட்சிப் பெயர் மட்டும் இருக்கும், கூட்டணிப் பத்தி கிடையாது. அதை நாமே ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சேவையில் உள்ள பெரிய குறை எது என்றால் இதைத்தான் சொல்வோம்.

சதவீதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பொதுத்தேர்தலில் நோட்டா வந்தது 2016-ல். அதற்குப் பிறகு மொத்த ஓட்டில் நோட்டாவையும் சேர்த்து வகுத்த சதவீதம் ஓரிடத்தில் இருக்கும், சேர்க்காமல் வகுத்தது இன்னோரிடத்தில் இருக்கும். எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை நகலெடுக்காதீர்கள். ஓட்டு எண்ணிக்கையை எடுத்து நீங்களே வகுத்துக்கொள்வது உத்தமம்.

மக்களவைத் தேர்தலில் காட்பாடி எப்படிப் போட்டது என்று பார்க்க நினைத்தால் வேலூர் பக்கத்தைத் திறக்காதீர்கள். ரயில் ஏற எல்லோரும் காட்பாடிக்குத்தான் போகிறோம் என்றாலும் காட்பாடி சட்டமன்றத் தொகுதி இருப்பது அரக்கோணம் மக்களவைத் தொகுதியில். வேலூர் மக்களவைக்குள் வருபவை வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். ஆகவே துரைமுருகனின் மகன் கதிர் ஆனந்த் வேலூரில் வாங்கிய ஓட்டை வைத்து அப்பாவின் தொகுதி பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. 2019-ல் வேலூரில் ஏப்ரல் மாத வாக்குப்பதிவு ரத்தாகி ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது. 8,141 ஓட்டு வித்தியாசத்தில் வந்த அந்த முடிவைப் பொதுத்தேர்தலின் மற்ற முடிவுகளோடு சேர்த்துத் தேடி ஏமாறுபவர்கள் உண்டு. தேதி பார்த்துத் தனியாகத் தேடவும்.

படிவம் 20: பூத் வாரியாகப் பார்க்க

தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிக்கு ஒரு கோப்பு. இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண், மேலே வேட்பாளர் பெயர்கள், கட்டங்களில் ஓட்டு. கடைசியில் இயந்திர ஓட்டுகளின் மொத்தம், அதற்குக் கீழே தபால் ஓட்டு, அதற்கும் கீழே இறுதி மொத்தம். உள்ளூர் அரசியல் படிக்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான தாள் வேறு கிடையாது.

தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரத்தில் ஓட்டுப் போட்ட முதல் சட்டமன்றப் பொதுத்தேர்தல் 2001. அதற்கு முன் சீட்டு முறையில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதும் உண்டு. எனவே 1989 அல்லது 1996-க்குப் பூத் வாரிக் கணக்கு கேட்டு அலைவதில் பெரிய பயனில்லை.

2016-ஐயும் 2021-ஐயும் பூத் எண்ணை வைத்து ஒப்பிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. 2021-ல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கான வாக்காளர் எண்ணிக்கையைக் குறைத்துத் துணைச் சாவடிகள் சேர்த்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு பூத் இரண்டாகியிருக்கும். எண்ணை விட்டுவிட்டு, வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியாக இறக்கி, எந்தப் பள்ளி, எந்தக் கட்டடம், எந்தத் தெருக்கள் என்று பார்த்து இணைக்க வேண்டும். திருவலம், பொன்னை, வள்ளிமலை பக்கத்து பூத்துகளைத் தனியாகவும் காட்பாடி நகரப் பகுதி பூத்துகளைத் தனியாகவும் கூட்டிப் பார்த்தால் தொகுதியின் இரண்டு முகமும் தெரியும். வேலை அதிகம்தான். ஒரு தொகுதிக்கு இரண்டு முழு நாள் பிடிக்கும். கோப்பு ஸ்கேன் செய்யப்பட்ட படமாக இருந்தால் எண்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அப்போது ஒவ்வொரு பக்கத்து மொத்தத்தையும் சரிபார்த்துவிட்டே அடுத்த பக்கம் போகவும். 3-ம் 8-ம் மங்கலான ஸ்கேனில் ஒன்று போலத் தெரிந்து கடைசியில் கூட்டுத்தொகை உதைக்கும்.

746 ஓட்டில் முடிவான தொகுதியில் தபால் ஓட்டு வரியைத் தவறவிடவே கூடாது. 2021-ல் தேர்தல் பணியாளர்கள் மட்டுமல்ல, 80 வயதைத் தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி என்ற விண்ணப்பம் கொடுத்து வீட்டிலிருந்தே தபாலில் போட்டார்கள். எண்ணும் நாளில் காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு தொடங்கும், இயந்திர ஓட்டு அதற்கு அரை மணி நேரம் கழித்து. செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், தள்ளிய எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. டிவியில் ஓடும் ‘லீடிங்’ எண்ணில் இதெல்லாம் தெரியாது. படிவம் 20-ல் தெரியும்.

பிரமாணப் பத்திரம்

அஃபிடவிட் முறை எப்போது வந்தது என்று தெரியாமல் 1989 சொத்து, 1996 சொத்து என்று தேடுவது வீண். உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் கொடுத்த தீர்ப்புகளுக்குப் பிறகே வேட்பாளர் தன் சொத்து, கடன், வழக்கு, படிப்பு ஆகியவற்றைச் சொல்வது கட்டாயமானது. தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பொதுத்தேர்தலில் முதலில் வந்தது 2006. துரைமுருகனின் 10 வெற்றிகளில் ஆறுக்கு இந்தப் பத்திரம் கிடையாது, நான்குக்கு உண்டு. நீண்டகால அரசியல்வாதி யாராக இருந்தாலும் முதல் பாதி இருட்டாகத்தான் இருக்கும். அது தளத்தின் குறையல்ல, சட்டம் பிறந்த தேதி அப்படி.

தளத்தில் தேர்தல் வகை, தேர்தல், மாநிலம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, கடைசியில் ‘போட்டியிடுவோர்’ என்ற நிலையை மட்டும் வைத்து வடிகட்டவும். வடிகட்டாவிட்டால் மாற்று வேட்பாளர், வாபஸ் வாங்கியவர், தள்ளுபடியானவர் எல்லோரும் கலந்து வருவார்கள். ஒருவரே நான்கு மனு வரை போடலாம் என்பதால் ஒரே பெயரில் பல கோப்புகள் இருப்பதுண்டு. திருத்திக் கொடுத்த பத்திரமும் சில சமயம் தனியாக ஏற்றப்பட்டிருக்கும். கடைசித் தேதியுள்ளதைப் படிக்கவும்.

பிரமாணப் பத்திரத்தின் வடிவமான படிவம் 26-ஐ முதல் பக்கத்திலிருந்து படித்தால் களைத்துவிடுவீர்கள். பகுதி ஆ என்பது சுருக்கம், அதை முதலில் பாருங்கள். பிறகு பகுதி அ-வில் அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன், வருமான வழி என்று போகலாம். ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்கும் பத்தி 2019-ல் சேர்த்தது. 2016 பத்திரத்தில் அது இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். எந்தப் பத்தியையும் வெறுமையாக விடக் கூடாது, ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே ‘இல்லை’ என்று எழுதியிருப்பதும் ஒரு வாக்குமூலம்தான்.

சொத்து வளர்ச்சியைக் கணக்கிடுவதில் நடக்கும் பிழைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் நியாயமான கணக்கு வேண்டும். நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் 100 பவுன், 2021-லும் அதே 100 பவுன் என்று ஒருவர் காட்டியிருந்தால் மதிப்புப் பத்தி மட்டும் வெகுவாக ஏறியிருக்கும், ஏனென்றால் தங்கத்தின் விலை ஏறியது. ஒரு குண்டுமணி கூடச் சேர்ந்திருக்காது. எடையை எடையோடு ஒப்பிடுங்கள். கிராமில் எழுதியிருந்தால் எட்டால் வகுத்தால் பவுன். நிலத்திலும் அப்படியே. ‘தற்போதைய சந்தை மதிப்பு’ என்பது வேட்பாளரின் உத்தேசம். காட்பாடி பக்கம் மனை விலை ஏறினால் புதிதாக எதுவும் வாங்காமலே அந்தப் பத்தி வீங்கும். வாங்கிய தேதி, வாங்கிய விலை, கட்டடத்துக்குச் செய்த செலவு என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. புதிதாக என்ன சேர்ந்தது என்று அறிய வாங்கிய தேதியை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும். சர்வே எண்ணையும் ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் ஒப்பிடுங்கள். ஒன்று காணாமல் போயிருந்தால் விற்றிருக்கலாம், குடும்பத்தில் வேறொருவர் பெயருக்கு மாறியிருக்கலாம், வாரிசு தனிக்குடும்பமாகி ‘சார்ந்திருப்போர்’ பட்டியலை விட்டு வெளியே போயிருக்கலாம். பத்திரம் காரணம் சொல்லாது.

மைநேதா இதையெல்லாம் அட்டவணையாக்கிக் கொடுக்கிறது. வேகமாகப் பார்க்க நல்லது, 2006, 2011 தேர்தல்களுக்கு அதுவே எளிது. ஆனால் கையெழுத்தில் இருக்கும் தமிழ்ப் பத்திரத்தைப் படித்து ஆங்கிலத்தில் ஏற்றிய விவரம் என்பதை மறக்கக் கூடாது. மூலப் பத்திரத்தோடு முரண்பட்டால் மூலமே சரி. வழக்கு எண்ணிக்கையைப் பார்க்கும்போது எத்தனை என்பதோடு நிற்காமல் எந்தப் பிரிவு என்று பார்க்கவும். மறியல் வழக்கும் மோசடி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்று போலத்தான் நிற்கும்.

லோக் தாபா அசோகா பல்கலைக்கழகத்தின் தரவு மையம் நடத்துவது. எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒரே ஆளுக்கு ஒரே அடையாள எண் கொடுத்துக் கோத்திருக்கிறார்கள். ராணிப்பேட்டைக்குப் போய்த் திரும்பிய கதையைப் பிடிக்க இது அருமையான சேவை. எக்செல் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

அமைச்சராக இருந்த ஆண்டுகள்

தேர்தல் தளங்கள் எதுவும் இதைச் சொல்லாது. 1989-91, 1996-2001, 2006 முதல் 2009 வரை பொதுப்பணித் துறை. 2009-ல் அந்தத் துறை கைமாறிச் சட்டத் துறை அவரிடம். 2021-ல் நீர்வளத் துறை, அதோடு கனிம வளம். 2025 மே மாதத்தில் கனிம வளம் ரகுபதிக்குப் போய்ச் சட்டம் மறுபடி இவரிடம் வந்தது. ஆட்சிக்காலம் முழுக்க ஒரே துறை என்று வைத்துக்கொண்டு படித்தால் 2009-லும் 2025-லும் தடுமாறுவோம். 2016-க்குப் பிறகு எதிர்க்கட்சித் துணைத் தலைவர், 2018-ல் திமுக பொருளாளர், 2020 செப்டம்பரில் பொதுச்செயலாளர் என்பதையெல்லாம் வேறு இடங்களில் இருந்துதான் சேர்க்க வேண்டும்.

துறை வேலையைப் பார்க்க, துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படிக்கவும். தமிழிலும் கிடைக்கும். கோரிக்கை எண் 40 நீர்வளம், 39 கட்டடம். 2021-க்கு முன்னால் இரண்டும் பொதுப்பணித் துறை என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தவை. பழைய ஆண்டுத் தொகையோடு ஒப்பிடும்போது பாசனப் பகுதியை மட்டும் பிரித்து எடுக்காவிட்டால் நீர்வளத்துக்கு நிதி குறைந்துவிட்டது போலத் தோன்றும்.

குறிப்பில் ‘வேலூர்’ என்று மட்டும் தேடினால் பாதி தவறும். ‘பாலாறு’, ‘பொன்னை’, ‘குடியாத்தம்’, ‘மோர்தானா’ என்றும் தேடவும். 2019-க்கு முந்தைய குறிப்பில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூருக்குள்தான் இருக்கும். அதற்கும் முன்னே, 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை பிரியும் வரை எல்லாமே வட ஆற்காடு. பிறகு சில ஆண்டுகள் ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்று இருந்தது. நூலகப் பட்டியலிலும் அரசிதழிலும் இந்தப் பெயர்கள் அத்தனையையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டும்.

ஒரே தடுப்பணை மூன்று ஆண்டுக் குறிப்பில் வந்தால் மூன்று அணை கட்டியதாக எண்ண வேண்டாம். அறிவிப்பு ஓர் ஆண்டு, நிர்வாக ஒப்புதலும் டெண்டரும் அடுத்த ஆண்டு, ‘பணி நடைபெறுகிறது’ என்பது அதற்கடுத்து. வேலை முடிந்ததா என்று அறிய ‘நிறைவடைந்த பணிகள்’ அட்டவணையில் அதே பெயர், அதே கிராமம் வருகிறதா பார்க்க வேண்டும்.

இணையத்தில் இல்லாததற்கு

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற அளவில் ஒவ்வொரு எம்எல்ஏவுக்கும் உண்டு. எந்தத் தெருவில் எந்த வேலைக்குப் போனது என்ற பட்டியலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) நேர்வழி. வேலூர் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திரும்பி வரும். எந்த நிதியாண்டு, பணியின் பெயர், கிராமம் அல்லது வார்டு, மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக ஒப்புதல் எண், முடிந்த தேதி என்று பத்தி பிரித்துக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அலுவலகம் மாறி எழுதிவிட்டாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. காட்பாடி நகரப் பகுதி வேலூர் மாநகராட்சியின் 1ஆவது மண்டலம், ஆகவே அங்கே நடந்த பணிகளின் விவரத்துக்கு மாநகராட்சிக்கும் ஒரு மனு தேவைப்படலாம்.

தேர்தல் செலவுக் கணக்கையும் பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். 2011-ல் உச்சவரம்பு 16 லட்சம், 2016-ல் 28 லட்சம், 2021-ல் 30 லட்சத்து 80 ஆயிரம். கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் பயணச் செலவு இதில் சேராது என்பதை நினைவில் வைத்துப் படிக்கவும். தேர்தல் நடத்துதல் விதிகளில் 88ஆவது விதியின்படி ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துத் தேர்தல் பிரிவுக்குப் போகும்போது தொகுதி எண், தேர்தல் ஆண்டு, வேட்பாளர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, விதி எண்ணையும் அதிலேயே குறித்துக் கொண்டு போங்கள்.